கைதட்டல் ஒரு பக்கம், மதிப்பெண் ஒரு பக்கம்: ட்ரம் கோரில் யார் சொல்வதைக் காதில் வாங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு ட்ரம் கோரில் உங்களுக்கு இது முதல் கோடை. பல ட்ரம்களை ஒன்றாக மாட்டிக்கொண்டு வாசிக்கும் டெனர் உங்களுடையது. ஜூனிலிருந்து மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது, கைதட்டல் மட்டும் அப்படி ஏறவில்லை. ஷோ முடிந்து வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒருவர் "போன வருஷ ஷோதான் ஷோ" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார். பார்க்கிங் லாட்டில் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்த இன்னொருவர், "இடமிருந்து இரண்டாவது டெனர் மற்றவர்களோடு ஒட்டவே இல்லை" என்கிறார். அந்த இரண்டாவது ஆள் நீங்கள்தான். "யாரை நம்புவது, இதையெல்லாம் எப்படித் தாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்குவதைப் பற்றிக் கேட்டாலும், உங்களை அரிப்பது வேறு கேள்வி என்று எனக்குப் படுகிறது: இவர்கள் சொல்லும் குறைகளில் என் பங்கு எவ்வளவு? அது தெளிந்துவிட்டால் தாங்குவதில் பாதிச் சுமை தானாக இறங்கிவிடும்.

நான் ஸ்னேர் என்ற ட்ரம் வாசிக்கும் வரிசையில் அணிவகுத்தவன். வயது வரம்பு வந்து வெளியேறிய பிறகு பள்ளி ட்ரம்லைன்களுக்கும், கோடையில் ஒரு கோரின் தாள வரிசைக்கும் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆகவே தாளத்தைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். பிராஸ், கலர் கார்டு பற்றி என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஷோவை நான் பார்க்கவில்லை, மனநல மருத்துவரும் இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ட்ரம் கோர் என்பது பித்தளை வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், கொடி சுழற்றி ஆடும் கலர் கார்டு மூன்றும் சேர்ந்து கால்பந்து மைதானத்தில் நகர்ந்தபடியே நடத்தும் ஒரு நிகழ்ச்சி. பெரிய கோர்களில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள், எல்லோரும் 22 வயதுக்குள். டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ, 1972இல் தன் முதல் சாம்பியன்ஷிப்பை விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் நகரில் நடத்தியது. கோடை முழுக்க ஊர் ஊராகப் பேருந்தில் போய், பள்ளி ஜிம்களின் தரையில் படுத்தெழுந்து, ஆகஸ்டில் இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் சீசனை முடிப்பார்கள். வியாழக்கிழமை முதல் சுற்று, வெள்ளிக்கிழமை அரையிறுதி, சனிக்கிழமை இறுதி. இறுதியில் ஆடுவது 12 கோர்கள்.

முதலில் மதிப்பெண். மொத்தம் 100. அதில் 40 பொது விளைவுக்கு, அதாவது ஷோ மொத்தமாக ஆளை எப்படித் தொடுகிறது என்பதற்கு. காட்சிக்கு 30, இசைக்கு 30. இசையின் 30இல் பிராஸ், பெர்கஷன், இசைப் பகுப்பாய்வு என்று மூன்று தாள்கள். ஒவ்வொன்றும் 20க்குப் போடப்பட்டு, கூட்டிப் பாதியாக்கப்படும். கணக்குப் போட்டால், தாள வரிசைக்கென்றே தனியாக இருப்பது 100இல் 10 புள்ளி. அந்தப் பத்தையும் ஸ்னேர், டெனர், பேஸ், முன்வரிசையில் மரிம்பாவும் வைப்ராஃபோனும் வாசிக்கும் பிட் எல்லோரும் பகிர்ந்துகொள்கிறீர்கள். ஒரு டெனர்க்காரரின் ஒரு இரவு அதில் எத்தனை தசமம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை, அளவு தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கைதட்டலுக்கென்று ஒரு தாளும் கிடையாது. ஆனால் பொது விளைவு நடுவர், ஒரு தேர்ந்த ரசிகர் எப்படி உணர்வாரோ அப்படி உணர்ந்து போட வேண்டியவர். ஆக ரசிகர் அனுபவம் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. முன்பு இப்படி இல்லை. 1983 சீசன் வரை டிக் முறை இருந்தது. நடுவர் பிழையைக் கண்டால் ஒரு கோடு, ஒரு கோட்டுக்கு 0.1 கழிவு. 1984இலிருந்து கழிப்பதை விட்டுவிட்டு, சாதித்ததை மேலே கட்டிக்கொண்டு போகும் முறைக்கு மாறினார்கள். இன்னமும் ட்ரம்லைன்களில் ஒருவருடைய அடி தனியாகத் தெரிந்தால் "டிக்" என்று சொல்வது அந்தக் காலத்து மிச்சம்.

மதிப்பெண் ஏறுகிறது, அப்படியானால் நாங்கள் சரியாகத்தானே போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். இங்கேதான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். சீசன் போகப் போக ஏறக்குறைய எல்லாக் கோர்களுக்கும் எண் ஏறும். ஜூனில் வாங்கியதைவிட ஆகஸ்டில் பத்து, பதினைந்து புள்ளி கூடுவது சாதாரணம். நடுவர்களும் இரவுக்கிரவு மாறுகிறார்கள். ஆகவே நேற்றைய 78ஐயும் இன்றைய 79ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. ஒரே இரவில், ஒரே நடுவர்களின் கீழ், உங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள கோரோடு இடைவெளி விரிகிறதா குறுகுகிறதா என்று பாருங்கள். அதைவிடப் பயன் நடுவர் பேசிப் பதிவு செய்யும் குரல். கேசட் போய் எத்தனையோ காலமாகியும் இன்னும் அதை "டேப்" என்றுதான் சொல்கிறோம். டேப்பில் அவர் "டெனர்ஸ், அந்த இறக்கத்தில் குச்சி உயரம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சொன்னால் அது மொத்த எண்ணையும்விட மேல்.

சரி, ரசிகர்கள் பக்கம் வருவோம். ரசிகர் சொல்வதை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது, அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். உங்கள் டெனர் வரிசை பிட்டுக்கு 30 மீட்டர் பின்னால் நிற்கிறது என்று வையுங்கள். உங்கள் அடி பிட்டை அடைய 0.087 நொடி. நிமிடத்துக்கு 180 அடி என்ற வேகத்தில் ஒரு பதினாறில் ஒரு பங்கு சுரத்தின் நீளம் 0.083 நொடி. அதாவது, நீங்கள் அடித்தது அங்கே போய்ச் சேர்வதற்குள் முழுசாக ஒரு சுரம் கடந்துவிடுகிறது. அதனால்தான் பிட் தன் காதைப் பின்பக்கம் வைத்து, உங்கள் ஒலி வந்து சேரும் கணத்தில் வாசிக்கிறது. நீங்களோ பிட்டைக் கேட்கவே கூடாது. உங்கள் கால் அடியையும், முன்னால் நின்று நடத்தும் டிரம் மேஜரின் கையையும், உங்கள் வரிசையின் நடு ஆளையும்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்தால் முன்பக்க இருக்கைகளுக்கு எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேரும். மைதானத்தின் பின்பக்கம் உட்கார்ந்தவர் கதை வேறு. பிட் வாசித்ததே உங்களுக்கு 0.087 நொடி பிந்தி. அது உங்களைத் தாண்டி அவரிடம் போக இன்னொரு 0.087. இரண்டு சுரம் பிந்தி விழும். அவர் "தாளமே சேரவில்லை" என்றால் பொய் சொல்லவில்லை. அவர் காதில் சேரவில்லைதான். ஓரத்து இருக்கைக்காரருக்கு இதில் பாதிச் சங்கடம். லூகாஸ் ஆயில் மாதிரி கூரை போட்ட அரங்கில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். ஆக, உட்கார்ந்த இடம் தெரியாமல் வரும் "டர்ட்டி" (வாசிப்பு ஒன்றாகச் சேரவில்லை) என்ற சொல்லுக்கு என்னிடம் மதிப்பு குறைவு.

இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்த முடிவு: ரசிகர் தான் உணர்ந்ததைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய எப்போதும் உண்மை. ஏன் அப்படி உணர்ந்தார் என்று அவர் சொல்லும் காரணம் ஏறக்குறைய எப்போதும் தவறு. முன்னதைக் காதில் வாங்குங்கள், பின்னதை வழியிலேயே விட்டுவிடுங்கள். "நடுவில் கொஞ்சம் தொய்ந்துவிட்டது" என்று நான்கு பேர் தனித்தனியாகச் சொன்னால் அங்கே ஏதோ தொய்கிறது. ஆனால் "டிரம்ஸ் சத்தம் போதவில்லை" என்று அவர்கள் சொல்லும் காரணத்தை நம்பி நீங்கள் ஓங்கி அடிக்கத் தொடங்கினால், ஸ்பீக்கர் வழியாக வரும் பிட்டின் ஒலி உங்களை மூடுகிறது என்ற உண்மைக் காரணம் அப்படியே கிடக்கும். உங்கள் குச்சி உயரம் மட்டும் வரிசையோடு ஒட்டாமல் போகும்.

கைதட்டல் குறைவதைப் பற்றியும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கைதட்ட ஓர் இடம் வேண்டும். பழைய ஷோக்களில் ஒரு பாட்டு முடியும், பெரிய சுரத்தில் நிற்கும், ஜனம் எழுந்து தட்டும். இப்போது பல ஷோக்கள் நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போகின்றன. பேச்சுக் குரலும் சத்த அடுக்குகளும் இடைவெளிகளை நிரப்பிவிடுகின்றன. தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அந்தக் கணம் போய்விடும். உங்கள் ஷோ கொஞ்சம் அருவமானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜூனில் வாரநாள் இரவு ஒரு பள்ளி மைதானத்தில் பாதி நிரம்பிய கூட்டம் அமைதியாக இருந்தது என்பதை வைத்து அது பிடிக்கவில்லை என்று தீர்ப்பு எழுத முடியாது. புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்திருக்கலாம். அந்த அமைதியை உண்டாக்கியதும் போக்க வேண்டியதும் ஷோவை வடிவமைத்தவர்கள். உங்கள் கைகளுக்கு அதில் வேலை இல்லை.

1993ஐ இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற கோர் 1991இல் சாம்பியன் ஆனது. இரண்டு வருஷம் கழித்து பார்ட்டோக் என்ற இசையமைப்பாளர் தந்திகள், தாள வாத்தியங்கள், செலஸ்டாவுக்கு எழுதிய இசையையும், பார்பர் என்ற இசையமைப்பாளரின் மெடியாவையும் எடுத்துக்கொண்டு, அதுவரை மைதானத்தில் யாரும் பார்க்காத மாதிரி ஒரு ஷோவைக் கொண்டுவந்தார்கள். கடினமான, ஒட்டாத, இறுக்கமான இசை. ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். ஒரு பாதி வாயடைத்து நின்றது, ஒரு பாதிக்கு எரிச்சல். இறுதியில் கேடட்ஸ் என்ற கோர் 97.4, ஸ்டார் 97.3. அதோடு ஸ்டார் போட்டியை விட்டே போய்விட்டது. அதே ஆட்கள் தொடங்கிய மேடை முயற்சி பின்னர் பிளாஸ்ட் என்ற நிகழ்ச்சியாகி, 2001இல் பிராட்வேயில் டோனி விருது வாங்கியது. இன்று 1993 ஸ்டாரைப் பற்றி ட்ரம் கோர்க்காரர்கள் பேசும்போது குரலே மாறும். பிற்கால ஷோ வடிவமைப்பு முழுவதும் அதிலிருந்து கற்றுக்கொண்டது என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் இதிலிருந்து "இன்று தட்டாதவர்கள் நாளைக்குத் தட்டுவார்கள்" என்று ஆறுதல் பட்டுக்கொள்ளாதீர்கள். கைதட்டு வாங்காமல், அப்புறம் யாரும் நினைத்துக்கூடப் பார்க்காமல் போன ஷோக்கள்தான் அதிகம். நான் சொல்ல வருவது வேறு. அன்று மைதானத்தில் நின்ற ஸ்டார் ஸ்னேர்க்காரர், எரிச்சல்பட்ட பாதியைக் கேட்டோ வாயடைத்த பாதியைக் கேட்டோ தன் வாசிப்பில் மாற்றியிருக்கக்கூடியது எதுவுமில்லை. ஷோ அதுதான். அவர் வேலை அதைச் சுத்தமாக வாசிப்பது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2008 இறுதிச் சுற்றில் கூட்டம் ஃபேன்டம் ரெஜிமென்ட் என்ற கோர் பக்கம் வெளிப்படையாகச் சாய்ந்திருந்தது. அவர்கள் 98.125, இரண்டாவதாக வந்த புளூ டெவில்ஸ் 98.100. கூட்டத்தின் இரைச்சல் அந்த 0.025ஐ வாங்கித் தந்தது என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்பவர்களையும் நம்பமாட்டேன். இசைப் போட்டி நடுவர்கள் முழுக்க இசையை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பதில்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப் போட்டியை ஆராய்ந்து 1996இல் வெளியான ஆய்வில், வாசிக்கும் வரிசை சீட்டுக் குலுக்கலில் வந்ததாக இருந்தும், முதல் நாள் வாசித்தவர்கள் கீழே போயிருந்தார்கள். 2013இல் வந்த இன்னொரு ஆய்வில், சத்தத்தை அணைத்து வெறும் படத்தைப் பார்த்தவர்கள், ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட நன்றாக வெற்றியாளரைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் 2018இல் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள், விளைவு வருகிறது, அதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக முடியாது என்றார்கள். தனி வாத்தியக்காரருக்குச் சொன்னதை 150 பேர் ஓடும் மைதானத்துக்கு நீட்டுவது என் துணிச்சலுக்கு மேல். ஒன்று மட்டும் பழக்கத்தில் தெரியும்: நிமிர்ந்த தோளும் தெளிந்த முகமும் இருக்கும் வரிசையை ஜனம் "சுத்தமாக வாசித்தார்கள்" என்று சொல்கிறது, வாசிப்பு அப்படியொன்றும் மாறாத இரவிலும்.

அப்புறம் அந்த "போன வருஷ ஷோதான் ஷோ" ஆசாமி. கோபப்படாதீர்கள், அவர் உங்களிடம் பேசவே இல்லை. எந்தச் சுருதியிலும் பித்தளை வாத்தியம் வாசிக்கலாம் என்று 2000இல் அனுமதி வந்தபோது ஒரு கூட்டம் முறுக்கிக்கொண்டது. 2004இல் மைக் வந்தபோது இன்னொரு கூட்டம், 2009இல் சிந்தசைசர் வந்தபோது இன்னும் பெரிய கூட்டம். ஒவ்வொரு தடவையும் "இதோடு ட்ரம் கோர் செத்தது" என்றார்கள், அடுத்த கோடையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். 21, 22 வயதில் கட்டாயமாக விட்டுப் போக வேண்டிய ஒன்றை ஒருவன் உயிராக நேசித்துவிட்டால், அவனுக்கு அதற்குப் பின் வரும் எதுவும் பழையதைப் போல இருக்காது. அவரிடம் சொல்ல வேண்டியது, "வந்து பார்த்ததற்கு நன்றி சார்." அவ்வளவுதான். ஷோவின் கருப்பொருளை விளக்கப் போகாதீர்கள். "எங்களுக்கும் பிடிக்கவில்லை" என்று அவரோடு சேர்ந்துகொள்ளவும் செய்யாதீர்கள். அது எப்படியும் உங்கள் ஆசிரியர்கள் காதுக்குப் போய்ச் சேரும். இணையத்தில் பதில் எழுதுவதைப் பற்றி உங்கள் கோரில் விதி இருக்கும், பெரும்பாலும் எழுதாதே என்றுதான் இருக்கும். அந்த விதி உங்களைக் காப்பாற்ற இருப்பது.

இனி உங்கள் கைகளைப் பற்றிய அந்தக் குறிப்பு. இதை ஒதுக்கித் தள்ளச் சொல்லமாட்டேன், ஏனென்றால் இது ஷோவைப் பற்றியது இல்லை, செயலைப் பற்றியது. சரிபார்க்க முடியும். ஆனால் வீடியோவை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். சாதாரண கைபேசி நொடிக்கு 30 படம் எடுக்கும்; ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 33 மில்லிநொடி. 180 வேகத்தில் நீங்கள் ஆறு ஆறாக ஓட்டும் வரியில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் 56 மில்லிநொடிதான். ஓர் அடிக்கு இரண்டு படம்கூட இல்லை. குச்சி வளைந்து தெரிவதும் ஒருவர் கை முந்துவதாகத் தெரிவதும் கேமரா செய்யும் வேலையாக இருக்கலாம். ஒலியில் இன்னொரு தந்திரம் இருக்கிறது: கைபேசிக்குப் பக்கத்தில் இருப்பவரின் அடி தனியாகக் கேட்கும், மற்றவர்களுடையது கலந்து ஒரே பரப்பாகக் கேட்கும். லாட் வீடியோக்களில் எப்போதும் கேமராவுக்கு அருகில் நிற்பவர்தான் "ஒட்டாதவர்". ஆகவே ஒரு முறை சத்தத்தை அணைத்துப் பாருங்கள், ஒரு முறை கண்ணை மூடிக் கேளுங்கள், வேறொரு பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ கிடைத்தால் அதையும் பாருங்கள். குறை எல்லாவற்றிலும் உங்களோடு வந்தால் அது உங்களுடையது. கேமரா மாறும்போது குறை வேறு ஆளுக்கு மாறினால், விட்டுவிடுங்கள்.

டெனருக்கே உரிய இன்னொன்று. ட்ரம்மின் தோலில் விளிம்பிலிருந்து சற்று உள்ளே அடித்தால் சுருதி தெளிவாக வரும். நடுவை நோக்கிப் போகப் போக ஒலி மந்தமாகிவிடும். பக்கவாட்டு ட்ரம்முக்குக் குறுக்கே கை தாண்டும்போது, அவசரத்தில் குச்சி நடுப்பக்கம் விழும். நேரம் துல்லியமாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் நான்கு பேர் கணீரென்று அடிக்கும்போது ஒருவர் மட்டும் தொப்பென்று அடித்தால் கேட்பவர் அதை "சேரவில்லை" என்றுதான் சொல்வார். அவரிடம் அதற்கு வேறு சொல் கிடையாது.

ரசிகர் சொன்னது சரியாகவும் அவர் சொன்ன காரணம் தவறாகவும் இருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பழைய அணிவகுப்பாளர் ஒருவர் எங்கள் ஸ்னேர் பையன் ஒருவனைக் காட்டி, "அந்தப் பையன் நின்றதும் வரும் முதல் அடியில் முந்துகிறான், கை பதறுகிறது" என்றார். மறுநாள் காலை அவனை மட்டும் நடக்கவைத்துப் பார்த்தோம். கை ஆடவே இல்லை. பின்னோக்கி நடக்கும்போது குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் போக வேண்டும். இவனுக்கு நிற்பதற்கு ஓர் அடி முன்னால் குதிகால் பொத்தென்று தரையில் விழுந்தது. உடம்பு அந்தச் சத்தத்தைத் தாளமாக எடுத்துக்கொண்டு, முதல் அடியைச் சீக்கிரம் போட்டுவிட்டது. கெண்டைக்கால் வலுவுக்குச் சில பயிற்சிகள் கொடுத்தோம், கையை யாரும் தொடவில்லை. அந்த ரசிகர் பேச்சைக் கேட்டுக் கையைத் திருத்தியிருந்தால் நல்ல கை ஒன்றைக் கெடுத்திருப்போம்.

பின்னூட்டம் பற்றி ஆய்வில் எனக்கு மிகவும் உதவிய ஒன்று இருக்கிறது. க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல், அதுவரை வந்த ஆய்வுகளில் கிடைத்த 607 அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பின்னூட்டம் சராசரியாகச் செயல்திறனைக் கூட்டியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் குறைத்துவிட்டது. கவனம் வேலையிலிருந்து நழுவி "நான் எப்படிப்பட்டவன்" என்பதற்குப் போகப் போக, பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். இசைக்கு மட்டும் செய்யப்பட்டதில்லை அது, எல்லா வகை வேலைகளும் அதில் அடக்கம். ஆனாலும் மைதானத்தில் நான் பார்ப்பதோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. "நீ இந்த வரிசையின் பலவீனம்" என்று கேட்ட பையன் மறுநாள் இறுகிப்போய் வாசிப்பான். "32ஆவது செட்டில் (ஷோவின் 32ஆவது அணிவகுப்பு நிலையில்) இடது கை ஓர் அங்குலம் உயர்கிறது" என்று கேட்ட பையன் சரிசெய்துகொள்வான். வெளியாள் சொல்வது எப்போதும் முதல் வகையில்தான் வரும், அதை இரண்டாம் வகைக்கு மாற்றுவது உங்கள் டெக்கின், அதாவது வரிசைப் பயிற்சியாளரின், வேலை. மாற்ற முடியாத குறிப்பு என்றால், அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இதே காரணத்தால், திட்டைவிடப் புகழ்ச்சிக்கு நான் அதிகம் பயப்படுவேன். லாட்டில் நீங்கள் சூடேற்றிக்கொள்ளும்போது ஒரு முழத்துக்கு அப்பால் ஐம்பது கைபேசிகள் நிற்கும். அவர்கள் கத்துவது வேகமான வரிக்கும் குச்சி சுழற்றலுக்கும். மென்மையான ஒரு வரியை ஐந்து பேர் ஒரே உயரத்தில் வாசித்ததற்கு யாரும் கத்துவதில்லை. அந்த வெறியில் வேகம் கூடும், உயரம் கூடும், பிறகு அதே கையோடு மைதானத்துக்குப் போவீர்கள். டேப்பில் "டெனர்ஸ் இன்று கொஞ்சம் ஓங்கி" என்று வந்தால் அந்த நோய் லாட்டில் ஒட்டிக்கொண்டது. நான் என் ஆட்களிடம் லாட்டில் கண்ணைத் தரையிலோ எதிரே நிற்பவர் நெஞ்சிலோ வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முரட்டு யோசனைதான், ஆனால் வேலை செய்கிறது.

ஷோ நடுவிலேயே கூட்டம் எழுந்து இரைந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தும் ஆகஸ்டில் தேவைப்படும். அந்தச் சில நொடிகள் பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதே கேட்காது. காதைத் தீட்டிக்கொண்டு தேடாதீர்கள். கிடைப்பது எதிரொலியாகத்தான் இருக்கும், அதைப் பிடித்தால் வரிசையே பின்தங்கும். கால், டிரம் மேஜர் கை, இரண்டு மட்டும்.

கேட்பதற்கு நேரம் காலமும் முக்கியம். ஷோ முடிந்த இரவில் உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. பேருந்து கிளம்பி, நடுநிசிக்கு மேல் ஏதோ ஜிம் தரையில் மெத்தை விரிப்பீர்கள். அந்த நேரத்தில் கைபேசியைத் திறந்து வீடியோவுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பார்த்தே தீர வேண்டுமென்றால் ஓய்வு நாள் பகலில், சாப்பிட்ட பிறகு, இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். ஜூலை பாதி வரைக்கும் புதுத் தகவல் பயன்படும், திருத்த நாள் இருக்கிறது. கடைசி வாரத்தில் வெளியிலிருந்து வரும் எதையும் உள்ளே விடாதீர்கள்; டெக் சொன்னால் மாற்றுங்கள், வேறு யார் சொன்னாலும் வேண்டாம்.

ஒரு வகைப் பேச்சை நான் பின்னூட்டம் என்றே கணக்கில் எடுப்பதில்லை. உடம்பு, நிறம், பெயர், ஆணா பெண்ணா என்பதைப் பற்றிய பேச்சு. நம்மைப் போன்ற முகங்கள் அந்த வரிசைகளில் இன்னும் குறைவு, ஆகவே எப்போதாவது காதில் விழும். தனியாக மென்று விழுங்காதீர்கள், திரைப்பதிவு எடுத்துக்கொண்டு கோரின் நிர்வாகத்திடம் கொடுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாசிக்கப் போவதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அது நான் பதில் சொல்லும் இடத்தைத் தாண்டிவிட்டது. கோருடன் வரும் மருத்துவ உதவியாளரிடமோ வீட்டு மருத்துவரிடமோ பேசுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் ஊகம்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த வீடியோவை எடுத்தவர் இடப்பக்க ஓரத்தில், உங்களுக்கு நெருக்கமாக நின்றிருக்கிறார். பாதிக் குற்றம் கேமராவுடையது என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு, உங்கள் வரிசை மட்டும் சேர்ந்து பயிலும் அடுத்த செக்‌ஷனலில் டெக்கிடம் போய் "என் கிராஸ் வரிகளில், கை குறுக்கே தாண்டும் இடங்களில், குச்சி எங்கே விழுகிறது என்று ஒரு தடவை பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். வீடியோவையோ எழுதியவரையோ பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். அவர் மெதுவான வேகத்தில் உங்களைத் தனியாக வாசிக்கவைத்து, தோலில் விழும் தடத்தைப் பார்ப்பார். தடம் விளிம்பை ஒட்டி ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அந்தக் குறிப்பை மறந்துவிடலாம். நடுப்பக்கம் சிதறியிருந்தால் இரண்டு வாரம் மெட்ரோனோமோடு, பாதி வேகத்தில், கிராஸ்களை மட்டும் வாசியுங்கள்.